பட்டாதாரர் மரகதவல்லி

மாவடிமங்கலம் அரசு உயர்நிலைப் பள்ளியின் நூலகம் மாவட்டத்திலேயே ஒழுங்கானது என்று பெயர் வாங்கியிருந்தது. பள்ளிக்கு வரும் அதிகாரிகள் யாரும் அதைப் பார்க்காமல் திரும்பியதில்லை. பார்ப்பது என்றால் ஜன்னல் வழியாகப் பார்ப்பது. ஆண்டு விழாவுக்கு வந்திருந்த கல்வி அதிகாரி மேடையில் இப்படிப் பேசினார்:

“இந்த நூலகத்தில் ஒரு நூல் தொலையவில்லை, ஒரு தாள் கிழியவில்லை, ஒரு விரல் படவில்லை. அறிவுச் செல்வத்தை அள்ளி அள்ளிக் கொடுத்த பள்ளிகள் இன்று காலி அலமாரியோடு கலங்கி நிற்கின்றன. மாவடிமங்கலம் கொடுக்கவில்லை, ஆகவே குறையவில்லை. மாணவச் செல்வங்களே, இதைக் கண்டு கற்றுக்கொள்ளுங்கள்.”

மாணவச் செல்வங்கள் கைதட்டினார்கள். முன்வரிசையில் மிராசுதார் கோவிந்தராசு எல்லாரையும்விட அதிக நேரம் தட்டினார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்தான். அந்த அலமாரியும் அதிலிருந்த புத்தகங்களில் பாதியும் அவர் வீட்டிலிருந்து வந்த நன்கொடை.

பெண்கள் வரிசையில் மங்களாம்பிகை கைதட்ட மறந்து உட்கார்ந்திருந்தாள். அவள் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். கணவர் துரைராசு மிராசுதாரிடம் நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைப்பவர். மகன் சிங்கப்பூரில், மகளைப் பேராவூரணியில் ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கொடுத்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் அவளுக்கு வேலை கிடையாது. வாரப் பத்திரிகையை மூல வியாதி விளம்பரம் வரைக்கும் படித்துவிட்டு, மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு, ஒரு அறை நிறையப் புத்தகம் யாரும் படிக்காமல் இருக்கிறது என்ற செய்தி அன்றைக்குத்தான் அதிகாரப்பூர்வமாகத் தெரிந்தது.

மறுநாள் தலைமையாசிரியர் பஞ்சநதத்தைப் போய்ப் பார்த்தாள்.

“மத்தியானத்துல நான் வந்து உக்காந்து புள்ளைங்களுக்குப் புத்தகம் எடுத்துக் குடுக்குறேன் சார். சம்பளமெல்லாம் வேண்டாம்.”

பஞ்சநதம் நல்ல மனிதர். சிக்கல் இல்லாமல் ஓய்வு பெற வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு லட்சியம் இல்லை.

“சம்பளம் வேண்டாம்னு சொல்றீங்க பாருங்க, அதுதாம்மா சிக்கல். சம்பளம் வாங்குறவங்க தப்புப் பண்ணா சம்பளத்த நிறுத்தலாம். உங்களுக்கு எத நிறுத்துறது?”

“தப்புப் பண்ணா வர வேண்டாம்னு சொல்லிடுங்க.”

“அது தண்டனை இல்லம்மா. வீட்டுல காத்தாட இருப்பீங்க. தண்டிக்க முடியாத ஆள வேலைக்கு வச்சுக்குறதுக்கு நம்ம இலாகாவுல வழியே இல்ல.”

இருந்தாலும் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பதில் வந்தது. பொதுமக்களின் ஒத்துழைப்பை இருகரம் நீட்டி வரவேற்க வேண்டும் என்றும், ஊழியர் அல்லாதவர் அலமாரிக் கதவைத் திறக்க அனுமதிக்கக் கூடாது என்றும் அதில் இருந்தது. பஞ்சநதம் இரண்டுக்கும் கீழ்ப்படிந்தார். நூலக அறையைத் திறந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மங்களாம்பிகையை வரவேற்றார். அலமாரிச் சாவியை மடியில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

அவள் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் வந்தார்கள். அலமாரிக் கதவின் கண்ணாடி வழியாகப் புத்தகங்களின் முதுகுகளைப் படித்தார்கள். இன்ன பெயருள்ள புத்தகத்துக்குள் இன்ன கதைதான் இருக்கும் என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி அதை மறுக்க, நூலகம் இந்த விதமாக நடந்துகொண்டிருந்தது. கல்வி அதிகாரி வந்திருந்தால் இதையும் பாராட்டியிருப்பார்.

ஆவணி மழையில் அறை ஒழுகியது. ஈரத்தைக் கூட்டித் தள்ளலாம் என்று அலமாரிக்குப் பின்னால் விளக்குமாற்றை விட்டாள் மங்களாம்பிகை. இற்றுப்போயிருந்த பின்பலகை அப்படியே கழன்று அவள் மேல் சாய்ந்தது. பலகை இருந்த இடத்தில் புத்தகங்கள் இருந்தன.

அவள் நேரே தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் மேலிடத்துப் பதிலை எடுத்து மறுபடி படித்தார்.

“முன்கதவு பூட்டியிருக்கா?”

“பூட்டித்தான் இருக்குங்க சார்.”

“கதவத் திறக்கக் கூடாதுன்னுதான் உத்தரவு. பின்பக்கத்தப் பத்தி அரசாங்கம் ஒண்ணும் சொல்லல. நானும் பின்பக்கமாப் போய்ப் பாக்குற வழக்கம் இல்ல.”

அதன் பிறகு வந்த மாதங்களை மங்களாம்பிகை பிற்பாடு யாரிடமாவது சொல்ல முயன்றபோதெல்லாம், சொல்லும்படியாக அதில் ஒன்றும் இல்லை என்றே தோன்றியிருக்கிறது. ஒரு பெண் வாய் திறந்தபடி படிப்பாள். ஈ உள்ளே போய்விடும் என்று மற்றவர்கள் சொன்னாலும் காதில் விழாது. ஒருவன் சிரிப்புக் கதைகளாகவே கேட்பான். எடுத்துக் கொடுத்தால் சிரிக்காமல் படித்துவிட்டு, “நல்லா இருந்துச்சு டீச்சர்” என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொல்வான். கிழிந்த பக்கங்களைச் சோற்றுப் பருக்கை தேய்த்து ஒட்டி வெயிலில் வைத்தால், காக்கை வராமல் காவல் காப்பதற்குப் பெண்கள் போட்டி போடுவார்கள். யாரும் அவளை டீச்சர் என்று கூப்பிடச் சொல்லவில்லை. கூப்பிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவள் கையில் பழைய காகித வாசனை இருக்கும். அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் ஒருமுறை முகர்ந்துகொள்வாள்.

கீழத்தெருவிலிருந்து வரும் வேம்பு என்ற பெண் அட்டை கிழிந்துபோன ஒரு பழைய நாவலை எடுத்துக்கொண்டு போனாள். அதில் மரகதவல்லி என்று ஒரு நாயகி. அப்பா இறந்ததும் அவள் நிலத்தையெல்லாம் சித்தப்பா தில்லைநாதன் பொய்ப் பத்திரம் எழுதிப் பிடுங்கிக்கொள்கிறான். அவளுக்குத் துணையாக இருப்பவர்கள் சின்னையன் என்ற ஓடக்காரனும் அம்புஜம் என்ற சமையல்காரியும் மட்டும். வேம்பு அதை ராத்திரியில் அம்மா ராமாயிக்கு வாசித்துக் காட்டினாள். ராமாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மிராசுதார் வயலில் நடவுப் பெண்களை அழைத்துப் போய் முன்னால் நிற்பவள் அவள்தான். மறுநாள் நாற்றுப் பிடித்துக்கொண்டே அதை அவர்களுக்குச் சொன்னாள். வரப்பிலிருந்து வரப்பு போவதற்குள் ஒரு அத்தியாயம் முடிந்துவிடும்.

ஒரு மத்தியானம் ராமாயியே நூலக வாசலில் வந்து நின்றாள்.

“உள்ள வா ராமாயி.”

“கால்ல சேறும்மா.”

“சேறுதானே. கழுவினா போச்சு. வா.”

ராமாயி நிலைப்படிக்கு உள்ளே ஒரு காலை மட்டும் வைத்தாள்.

“அந்த ஓடக்காரன் செத்தானா இல்லியாம்மா? நேத்து அந்த இடத்துல வேம்பு தூங்கிப்புட்டா. நடவுல எல்லாரும் என்னையப் புடுங்கி எடுக்குறாங்க.”

மங்களாம்பிகை அந்த இடத்தை எடுத்து வாசித்தாள். ஓடக்காரன் காவேரி வெள்ளத்தில் முழுகிப் போனான். ராமாயி மூக்கைச் சிந்திவிட்டு, “அவன் கரைப்பக்கமாப் போயிருக்கணும்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். மங்களாம்பிகைக்கு மேலே படிக்க ஆசையாகத்தான் இருந்தது. நடவுப் பெண்களுக்குத் தெரிவதற்கு முன்னால் தனக்குத் தெரிவது முறையில்லை என்று மூடி வைத்துவிட்டாள்.

இதற்கிடையில் மிராசுதார் ஒருநாள் குடையோடு வரப்பில் வந்து நின்றார். கூலி உயர்வு, கொடி, ஊர்வலம் என்று அந்த வருஷம் ஏற்கனவே அவருக்கு மனசு சரியில்லை. குனிந்து நட்டுக்கொண்டிருந்த பெண்களின் பேச்சு காதில் விழுந்தது.

“நெலம் மரகதவல்லியோடதுடி. ஏமாத்தித்தானே எழுதிக்கிட்டான்?”

“அவ சும்மா விடமாட்டா. வந்து கேப்பா பாரு.”

மிராசுதார் குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய நிலத்தின் உச்சவரம்பை அரசாங்கம் குறைத்திருந்த சமயம் அது. மிராசுதார் தம் நிலங்களை மனைவி, மருமகன்கள், கொழுந்தியா, காலமான மாமனார் என்று பலர் பேருக்கும் பிரித்து எழுதி வைத்திருந்தார். அப்படியும் நிலம் தீரவில்லை, பேர் தீர்ந்துவிட்டது. மிச்சத்துக்கு நீயே பார்த்து நாலு பேர் போட்டுக்கொள் என்று கணக்கப்பிள்ளையிடம் விட்டுவிட்டார். பேர்கள் எங்கிருந்து வந்தன என்று அவர் கேட்கவில்லை. வாய்க்கால் தலைமடையில் இருந்த முதல்தரமான நிலத்துக்குப் பட்டாதாரர் மரகதவல்லி என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது. இல்லாத அந்தப் பெண் வந்து கேட்கப் போகிறாள் என்று இப்போது வயலில் பேச்சு.

கணக்கப்பிள்ளை ஊரில் இல்லை. மகளுக்கு வரன் பார்க்கப் போயிருந்தார். காத்திருக்கப் பொறுமையில்லாமல் மிராசுதார் தாமே ஒரு புகார் எழுதினார். தமது உறவினரான மரகதவல்லி அம்மாளின் நிலத்தைப் பற்றிப் பள்ளி நூலகத்திலிருந்து கலகம் மூட்டப்படுகிறது என்று கல்வி அலுவலகத்துக்கு ஒன்று, தாலுகா அலுவலகத்துக்கு ஒன்று.

கல்வி அலுவலகம் உடனே நடவடிக்கையில் இறங்கியது. மங்களாம்பிகையைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்ய வேண்டும். ஆனால் பணியில் இல்லாதவரை எப்படிப் பணிநீக்கம் செய்வது? ஆகவே பணிநீக்கம் செய்வதற்கு வசதியாக அவளைக் கௌரவ நூலகராக நியமித்தார்கள். இரண்டு உத்தரவும் ஒரே உறையில் வந்தன. பணிநீக்கக் காலத்தில் பணியிடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்பது நிபந்தனை.

“பணியிடம்னா எது சார்?” என்று கேட்டாள் மங்களாம்பிகை.

“நூலகம்தாம்மா,” என்றார் பஞ்சநதம். அவர் முகத்தில் அதுவரை காணாத நிம்மதி. “இனிமே நீங்க தாராளமா வரலாம். வராம இருந்தாத்தான் தப்பு. இப்பத்தாம்மா நீங்க சட்டத்துக்குள்ள வந்திருக்கீங்க.”

தாலுகா அலுவலகத்தில் தாசில்தார் ரெத்தினம் புகாரைப் படித்துச் சந்தோஷப்பட்டார். உச்சவரம்புக்கு மேல் உள்ள நிலம் எவ்வளவு என்று மேலிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. தமது தாலுகாவில் அப்படி ஒரு குழி நிலம்கூட இல்லை என்று அவரும் எழுதிக்கொண்டே இருந்தார். எழுதி எழுதி அவருக்கே வெட்கமாகிவிட்டிருந்தது. இப்போது ஒரு பட்டாதாரர் நிலத்தில் தகராறு என்று மிராசுதாரே புகார் கொடுத்திருக்கிறார். மரகதவல்லிக்கு நோட்டீஸ் அனுப்பினார். அந்தப் பேரில் யாரும் இல்லை என்று தபால்காரர் திருப்பிவிட்டார். கலகத்துக்குக் காரணமான புத்தகத்தைக் கைப்பற்றி ஆவண அறையில் வைக்கச் சொல்லி, விசாரணைக்கு நாள் குறித்தார். நடவுப் பெண்களின் கதை அதோடு நின்றது. சித்தப்பா மரகதவல்லியை நெல் குதிருக்குள் அடைத்துப் பூட்டிய இடம் அது.

விசாரணைக்கு முந்தின நாள் மிராசுதார் வீட்டிலிருந்து துரைராசுவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பெண்டாட்டி அங்கே வந்து வாயைத் திறந்தால் அறுப்புக்குப் பிறகு குத்தகை கிடையாது. துரைராசு மண்வெட்டியைக் கழுவிச் சாத்திவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

“நான் போகல,” என்றாள் மங்களாம்பிகை. “நெலம் போயிட்டா என்ன பண்றது?”

அவர் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“குத்தகை இன்னிக்கி இல்லன்னாலும் ஒருநாள் போறதுதான். அந்தக் குதிருக்குள்ள இருக்குற பொண்ண என்ன பண்ணானுங்கன்னு எனக்கே தெரிஞ்சாவணும். நீ போ.”

விசாரணைக்கு மாவடிமங்கலத்திலிருந்து ஒரு பஸ் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். சேவகன் வெளியே வந்து கூப்பிட்டான்.

“பட்டாதாரர் மரகதவல்லி.”

பதில் இல்லை. இரண்டாம் முறையும் கூப்பிட்டான்.

“அது குதிருக்குள்ள இருக்குதுங்க,” என்றாள் ராமாயி.

தாசில்தார் நிமிர்ந்து பார்த்தார். குமாஸ்தா எழுதிக்கொண்டார். புகாரோடு சேர்த்துப் பார்த்ததில் பக்கத்துப் பட்டாக்களும் சந்தேகத்துக்கு இடமாக இருந்தபடியால் அவற்றின் பட்டாதாரர்களுக்கும் நோட்டீஸ் போயிருந்தது.

“பட்டாதாரர் சின்னையன்.”

“பாவம், வெள்ளத்துல போயிட்டாருங்க.”

“வாரிசு?”

“கண்ணாலமே ஆவலிங்க.”

“பட்டாதாரர் அம்புஜம்.”

“உசுரோடதான் இருக்கா. ஆனா சித்தப்பன் பக்கம் சாஞ்சுட்டாளோன்னு எங்களுக்குச் சந்தேகம்.”

சந்தேகம் என்பதையும் குமாஸ்தா எழுதிக்கொண்டார். மிராசுதார் எழுந்து நின்றார்.

“இதெல்லாம் யாருமே கிடையாதுங்க. மரகதவல்லின்னு ஒருத்தி பொறக்கவே இல்ல.”

“உங்க உறவினர்னு நீங்களே எழுதியிருக்கீங்களே,” என்றார் தாசில்தார்.

“உறவுதாங்க.”

“பொறக்காதவங்க எப்படி உறவு?”

மிராசுதார் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். பேர் தீர்ந்துபோன நாளில் ஐயா வீட்டு ஊஞ்சலில் ஒரு நாவல் கிடந்தது. அதிலிருந்து நல்ல பேராகப் பார்த்துப் போட்டார். பிறகு அந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து என்று தோன்றியது. எரிக்கலாம் என்றால் புத்தகத்தை எரிப்பது பாவம். யாரும் தொடாத இடமாகப் பார்த்து, பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பேசினார்.

“பட்டா கொடுத்தது இந்த அலுவலகம். இல்லாத ஆளுக்கு அரசாங்கம் பட்டா கொடுக்காது. கொடுத்திருந்தால் அது என் தவறாகிவிடும். என் தவறு என்று எந்தக் கோப்பிலும் இதுவரை இல்லை. ஆகவே மரகதவல்லி இருக்கிறார். எங்கே இருக்கிறார் என்பதற்கு ஒரே ஆவணம் அந்த நூல். அதில் அவர் தமது நிலத்தை என்ன செய்கிறாரோ, அதை இந்த அலுவலகம் ஏற்றுக்கொள்ளும். நூலை வாசியுங்கள்.”

யார் வாசிப்பது என்று கேள்வி வந்தது. பஞ்சநதம் எழுந்தார்.

“நூலகச் சொத்த நூலகர்தாங்க வாசிக்கணும். பணிநீக்கத்துல இருந்தாலும் ஊழியர் ஊழியர்தான்.”

சேவகன் ஆவண அறையிலிருந்து புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். மங்களாம்பிகை நின்றுகொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கத் தொடங்கினாள். குதிருக்குள் மரகதவல்லி பசியோடு கிடந்தாள். அம்புஜம் பாதி ராத்திரியில் சோற்று உருண்டையோடு வந்து பூட்டை உடைத்தாள். “நான் சொல்லல?” என்று ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். குமாஸ்தாக்கள் பேனாவை மூடி வைத்தார்கள். வேறு வழக்குக்கு வந்தவர்கள் கதவோரம் நெருக்கியடித்து நின்றார்கள். சாப்பாட்டு வேளை வந்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. பொய்ப் பத்திரம் பிடிபட்டது. நிலம் மரகதவல்லிக்கே என்று தீர்ப்பானது. தில்லைநாதன் தலைகுனிந்து நின்றான். ‘மரகதவல்லி நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சொன்னாள்’ என்பதோடு அந்தப் பக்கம் முடிந்தது.

மங்களாம்பிகை பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கம் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. ஆவண அறை எலிகள் கடைசித் தாள்களைத் தையல் வரைக்கும் தின்றிருந்தன. முன்னால் ராமாயி, வாயில் வெற்றிலையை மெல்லாமல் அடக்கிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மங்களாம்பிகை தாள் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள்.

“‘சித்தப்பா, நிலம் திரும்பக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும் எனக்கு ஒரு நாற்றைக்கூட நடத் தெரியாது. நான் குதிருக்குள் கிடந்த நாளிலும் இந்த மண்ணில் இறங்கி நட்டவர்கள் இருக்கிறார்கள். நிலத்தை அவர்களுக்கே கொடுத்துவிட்டேன்.’ இவ்விதம் கூறி மரகதவல்லி ஓடமேறிச் சென்றாள். சுபம்.”

“பக்கத்தக் காட்டச் சொல்லுங்க,” என்றார் மிராசுதார்.

பஞ்சநதம் அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். தம் பள்ளி நூலகத்துப் புத்தகம் ஒன்றை அவர் விரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எலி கடித்த ஓரத்தை விரலால் தடவினார். ஓய்வூதியம் கண்முன் வந்து போயிருக்க வேண்டும்.

“அம்மா வாசிச்சது சரியாத்தாங்க இருக்கு,” என்றார். “ஆனா ஒரு விஷயம். பள்ளிக்கூடத்துல இருந்து முழுசா வந்த அரசாங்கச் சொத்து, இங்க வந்து எலி கடிச்சிருக்கு. நூலகத்துல இதுவரைக்கும் ஒரு தாளு கெட்டதில்ல. எந்தெந்தப் பக்கம்னு விவரமா மேலிடத்துக்கு எழுதச் சொன்னா எழுதிடுறேன்.”

தாசில்தார் புத்தகத்தைப் பார்க்கக் கை நீட்டியவர், கையை மடக்கிக்கொண்டார்.

“எலியைப் பற்றி விசாரணை தேவையில்லை. ஆவணம் முழுமையாக வாசிக்கப்பட்டது.”

பட்டாதாரர் தமது நிலத்தை உழைப்பவர்களுக்கு மனமுவந்து அளித்திருப்பதாக உத்தரவு எழுதினார். மிராசுதார் மேல்முறையீடு செய்தார். அது சென்னைக்குப் போய் அங்கே பல வருஷம் கிடந்தது. ஆனால் அந்தத் தை மாதம் தலைமடை நிலத்தை ராமாயியும் மற்றவர்களும்தான் அறுத்தார்கள். தடுக்க வேண்டுமானால் நிலம் யாருடையது என்று மிராசுதார் சொல்ல வேண்டியிருந்தது. அவரால் சொல்ல முடியவில்லை. துரைராசுவின் குத்தகை சொன்னபடியே போயிற்று. அவர் வேறொருவர் நிலத்தை எடுத்தார், மண் கொஞ்சம் சவடு, விளைச்சல் குறைவு. கல்வி அலுவலகம் அலமாரிக்குப் புதுப் பின்பலகை அடிக்க உத்தரவு போட்டது. ஆணி வாங்க அனுமதி மட்டும் வரவில்லை.

விசாரணை முடிந்த அன்று சாயங்காலம் எல்லாரும் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். மங்களாம்பிகைக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இடம் காலியாக இருந்தும் ராமாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மங்களாம்பிகை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

“அம்மா,” என்றாள் ராமாயி தாழ்ந்த குரலில். “கடைசியில வாசிச்சது புத்தகத்துல இல்லதானே?”

மங்களாம்பிகை திரும்பிப் பார்த்தாள்.

“எப்படித் தெரிஞ்சுது?”

“அந்தப் பொண்ணு அப்படிப் பேசாதும்மா. அம்மாம் பட்டினி கெடந்த பொண்ணு, நெலத்தத் தூக்கிக் குடுத்துட்டு ஓடத்துல போவுமா? அதுவும் ஓட்ட ஆளில்லாத ஓடத்துல. அது எறங்கி நாத்து நடக் கத்துக்கும். நாங்க கத்துக் குடுப்போம். நமக்கு நெலம் வந்ததெல்லாம் சரிதான். ஆனா கதை அப்படி இல்ல.”

“பின்ன எப்படி?”

ராமாயி வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு, காலை மடக்கி இருக்கை மேல் ஏற்றி உட்கார்ந்துகொண்டு சொல்லத் தொடங்கினாள். முன்னால் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.